ஜன்னலில் கட்டிய சத்தியம்

என் கணவர் ரகப் இதுவரை எத்தனை முறை என் மேல் தலாக் சத்தியம் செய்திருக்கிறார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஷுப்ரா பேட்டையில் எங்கள் சந்தில் எந்த ஆம்பளைக்குமே இந்தக் கணக்குத் தெரியாது. தர்பூசணிக்காரன் பழத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "உள்ள சிவப்பா இல்லன்னா என் மேல தலாக்" என்பான். அதாவது பழம் வெளுத்திருந்தால், வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அவன் பெண்டாட்டி அந்த நிமிஷத்திலிருந்து அவன் பெண்டாட்டி இல்லை. பழம் வெளுத்ததற்கு அவள் என்ன செய்வாள் என்று யாரும் கேட்பதில்லை.

ரகப் மைக்ரோபஸ் ஓட்டுகிறார். சில்லறை இல்லை என்பதற்கு ஒரு தலாக். பந்து கோட்டைத் தாண்டவில்லை என்பதற்கு ஒரு தலாக். வீட்டுக்கு வந்தவர் எழுந்தால், "இன்னொரு டீ குடிக்காம போனா என் மேல தலாக்." வந்தவர் பாவம், என் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக மூன்றாவது டம்ளரையும் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல வருஷம் கூடவே சிரித்தவள்தான். இந்த ரமலானுக்கு முன்புதான் அந்தச் சிரிப்பு நின்றது.

எங்கள் மூத்த மகள் ரவான்தான் ஆரம்பித்து வைத்தாள். ஒவ்வொரு ரமலானுக்கும் சந்து முழுக்கத் தொங்குகிற பளபளப்பு பிளாஸ்டிக் தோரணங்கள் அடுத்த மாதம் கிழிந்து, சாக்கடையை அடைத்து, பூனைகளின் வயிற்றுக்குள் போகின்றன என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லியிருக்கிறார். அவள் அதை அப்பாவிடம் ஒப்பித்தாள். சிகரெட் பாக்கெட்டைக் கசக்கி வண்டி ஜன்னல் வழியாக எறிகிற மனிதர், அன்று சாயங்காலமே பிளாஸ்டிக்குக்குப் பரம எதிரியாகிவிட்டார். இந்த வருஷம் நம் ஜன்னலில் எல்லாமே காகிதம், எல்லாமே வீட்டில் செய்தது என்று அறிவித்தார். ரகப் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். கோபமும் அப்படித்தான்.

பழைய நோட்டுப் புத்தகங்களைக் கூடத்தில் கொட்டினோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளைகள் பிஸ்மில்லா எழுதியிருப்பார்களே, அந்த வரியை ரகப் தனியாக வெட்டி ஒரு துணிப்பைக்குள் சேர்த்தார். காற்றில் அறுந்து விழுந்து யார் காலிலும் மிதிபடக் கூடாது என்பதில் அவருக்கு அத்தனை கவனம். இறைவன் பெயர் மேல் இருக்கிற அந்தக் கவனத்தில் கொஞ்சம் என் பெயர் மேலும் இருந்திருக்கலாம்.

பீட்ரூட்டை வேகவைத்த தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வெங்காயத் தோல் சாறு, சர்பத்துக்கு வைத்திருந்த காய்ந்த செம்பருத்தி என்று நான்கு சட்டிகளில் காகிதத்தை முக்கித் துணிக்கொடியில் காயப்போட்டோம். மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தது ரகப். எறும்பு வராமலிருக்க அதில் கொஞ்சம் வினிகர் விட்டார். காய்ந்த காகிதத்தைப் பட்டையாக வெட்டி, வளையமாக ஒட்டி, வளையத்துக்குள் வளையம் கோத்துச் சங்கிலி. ஜன்னல் கண்ணாடிக்கு ரவான் பிறையும் நட்சத்திரமுமாக வெட்டி, வெட்டிய இடங்களில் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டினாள். உள்ளே விளக்கைப் போட்டால் வெளிச்சம் தேன் நிறத்தில் வெளியே போனது. பாலாடைக்கட்டி வந்த அட்டைப்பெட்டியில் சின்னவள் நூரீன் ஒரு லாந்தர் செய்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தச் சாயங்காலங்களில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதனால்தான் பிறகு அத்தனை எரிந்தது.

ஒரு நாள் கத்தரிக்கோலுக்காகப் பிள்ளைகள் இரண்டும் சண்டை போட்டன. நூரீன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்:

"இது என்னுது. இல்லன்னா என் மேல தலாக்."

எட்டு வயசுப் பெண். ரகப் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார், மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். நான் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்தேன். இந்த வீட்டில் இனிமேல் அந்த வார்த்தை வரக் கூடாது என்று சொன்னேன். அது சும்மா வாயில் வருகிற வார்த்தை, அதற்கு அர்த்தமே கிடையாது, நீ ஏன் பெரிசுபண்ணுகிறாய் என்று பசையைக் கிண்டிக்கொண்டே பதில் சொன்னார்.

அர்த்தம் இல்லையாம். அடுத்த நாளே பார்த்துவிட்டோம்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே ரகப்பின் அக்கா இஹ்ஸான் அண்ணியின் ஜன்னல். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒவ்வொரு ரமலானுக்கும் தோரணத்தின் ஒரு முனை எங்களிடம், மறு முனை அவர்களிடம். அண்ணியின் கணவர் பஹ்கத் அன்று சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து ஒரு மூட்டை நிறையப் பளபளப்புச் சங்கிலியும், பேட்டரி போட்டால் பாடுகிற பிளாஸ்டிக் லாந்தரும் வாங்கி வந்து ஜன்னலில் நின்று ஆட்டிக் காட்டினார். எங்கள் துணிக்கொடியில் காய்கிற காகிதங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன மாப்ள, வண்டிய வித்துட்டு பழைய பேப்பர் யாவாரத்துக்குப் போயிட்டியா?"

கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான், ரகப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"இந்த ரமலானுக்கு என் ஜன்னலுக்கும் உன் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு துண்டு பிளாஸ்டிக் தொங்கினாலும், என் மேல தலாக்! மூணு தலாக்!"

நான் பசைக் கரண்டியோடு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சந்தில் இருந்த அத்தனை தலையும் அவரைத் தாண்டி என்னைத்தான் பார்த்தது. மூன்று தலாக் என்பது விளையாட்டில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இஸ்திரிக்காரர்கூடப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ரகப் மட்டும் ஏதோ கோல் போட்டவரைப் போல உள்ளே திரும்பி, பசை ஆறிவிட்டதா என்று என்னைக் கேட்டார்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர் அம்மாவின் கடைசிக் காலத்தில் படுக்கை மாற்றி, வண்டி பழுதானபோதெல்லாம் வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தியவள் நான். என் வாழ்க்கையைத் தூக்கி ஒரு தோரணத்தின் நுனியில் கட்டிவிட்டு இந்த மனிதர் பசையைப் பற்றிக் கேட்கிறார். நான் கரண்டியைப் பசைச் சட்டியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். சத்தம் போட்டு என்ன பிரயோஜனம், சத்தம் அவர்களுடைய ஆயுதம்.

பஹ்கத் அண்ணன் பயந்துபோய்த் தன் பளபளப்பையெல்லாம் கூடத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். ஷஅபான் மாதத்தின் கடைசி நாள், மறுநாள் நோன்பு. அன்று பிற்பகல் ரகப் எங்கள் காகிதச் சங்கிலியைக் கட்ட ஜன்னலோரம் நாற்காலியில் ஏறினார். நுனியில் ஒரு உருளைக்கிழங்கைக் கட்டி எதிர் ஜன்னலுக்கு வீசினார். அண்ணி அதைப் பிடித்துக் கம்பியில் முடிச்சுப் போட்டார். சங்கிலியைத் தாங்குவதற்கு நெடுக ஒரு கயிறு வேண்டுமல்லவா? மைக்ரோபஸ்ஸின் மேலே மூட்டை கட்டுகிற நீலக் கயிற்றைப் பிரித்து எடுத்து வந்திருந்தார்.

ரவான் அதைப் பார்த்தாள், உடனே என்னைப் பார்த்தாள். நான் பேசாதே என்று தலையை ஆட்டினேன். ஆமாம், தெரிந்துதான் சும்மா இருந்தேன். இரண்டாவது முனையில் அவர் முடிச்சை இறுக்குகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது.

சங்கிலி காற்றில் ஆடியது. சிவப்பும் மஞ்சளுமாக, நிஜமாகவே அழகாக இருந்தது. காப்பிக் கடையிலிருந்து ஒருவர் கைதட்டினார். ரகப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்:

"இறுக்கமா இருக்கா நக்லா?"

"இருக்கு. என்ன கயிறு அது?"

"நைலான். லாரியக் கட்டி இழுத்தாக்கூட அறாது."

"நைலான்னா என்ன, பருத்தியா?"

"பருத்தியா? பிளாஸ்டிக்குடி, பிளா..."

அங்கே நின்றுவிட்டார். எதிர் ஜன்னலில் பஹ்கத் அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கக் கூடாது என்று அவருக்கே உறைத்தது. கீழே இஸ்திரிக்காரர், "லா ஹவ்ல" என்று இறைவனை அழைத்து முணுமுணுத்தார். ரகப் நாற்காலியிலிருந்து இறங்கி, கயிறு வேறு தோரணம் வேறு என்றார். தான் சொன்னது பஹ்கத்தின் சங்கிலியைத்தான் என்றார். சிரித்துக்கூடப் பார்த்தார். நான் என் துணிகளைப் பையில் எடுத்து வைத்தேன்.

"பைத்தியமா உனக்கு? அது வெறும் கயிறு."

"ஒரு துண்டு பிளாஸ்டிக்னு சொன்னது யாரு? சந்தே கேட்டுச்சே. நான் உங்க பொண்டாட்டியா இல்லையான்னு எனக்குத் தெரியல. தெரியற வரைக்கும் உங்க அக்கா வீட்டுல இருக்கேன்."

பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவள் ரவான். எதிர் வீட்டுப் படியில் ஏறும்போது, ரொம்ப நேரமாக யோசித்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அம்மா, அப்பா ஏன் எப்பவும் உன்ன வெச்சே சத்தியம் பண்றார்? வண்டிய வெச்சுப் பண்ணலாமில்ல?"

"வண்டி போயிட்டா திரும்ப வராதுன்னு அவருக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே எங்கே குத்துகிறது என்று தெரிந்தது. படியில் உட்கார்ந்து அழுதேன். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் நாளைக்கு ஒரு புருஷன் வருவான், அவனும் எதையாவது ஓட்டுவான், அவன் வாயிலும் இவள் பெயர் தொங்கும் என்று நினைத்தபோது அழுகை நின்று கோபம்தான் மிஞ்சியது.

அண்ணி என்னை உள்ளே அழைத்து ஒரு வார்த்தை கேட்காமல் படுக்கை விரித்தார். பஹ்கத் அண்ணன்தான், ஆம்பளைங்க வாய் அப்படித்தான், இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளலாமா என்று சமாதானம் பேச வந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பி, போன பெருநாளைக்கு மீன் வாங்கின இடத்தில் என்ன சத்தியம் பண்ணினீங்க என்று மெதுவாகத்தான் கேட்டார். அண்ணன் எழுந்துபோய்த் தன் லாந்தரின் பேட்டரியைக் கழற்றி வைத்தார்.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ரகப் பள்ளிவாசல் ஷேக்கிடம் போய்விட்டு வந்தார். அண்ணி வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மனைவியைப் பிரிய வேண்டும் என்று மனசில் நினைத்துச் சொன்னாயா என்று ஷேக் கேட்டாராம். இல்லை என்றாராம். அப்படியென்றால் இது முறிந்துபோன சத்தியம், தலாக் விழாது, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பரிகாரம் செய், இந்தப் பழக்கத்தையும் விடு என்று சொல்லி அனுப்பினாராம். கடைசியில் சொன்னதை மட்டும் வேகமாகச் சொல்லி முடித்தார்.

"அவ்ளோதான், ஒண்ணுமே இல்ல. கீழ இறங்கி வா. நாளைக்கு நோன்பு திறக்கறதுக்குச் சமைக்கறப்ப பத்து பேருக்குச் சேத்துப் போட்டுடு, முடிஞ்சுது."

எனக்குக் காதில் வெந்நீர் ஊற்றியதுபோல இருந்தது. சத்தியம் செய்தது அவர் வாய். முடிச்சுப் போட்டது அவர் கை. அபராதத்துக்கு அடுப்பில் நிற்க வேண்டியது நானாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக நானும் சந்து கேட்கும்படி பேசினேன்.

"நான் சத்தியம் பண்ணல. எந்த வாய் பண்ணுச்சோ அந்த வாய்க்குச் சொந்தக்காரரு சமைக்கட்டும். அதுவும் கடவுள் கணக்குக்குத்தான். என் கணக்கு அப்புறம் இருக்கு."

"உன் கணக்கு என்ன?"

"சந்து கேக்கத்தானே என்னத் தொங்க விட்டீங்க? இனிமே என்ன வெச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன்னு அதே சந்து கேக்கச் சொல்லணும்."

ரகப்பின் முகம் மாறியது. ஏழைக்குச் சாப்பாடு போடச் சம்மதித்த மனிதருக்கு இது கஷ்டமாக இருந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் முதல் நோன்பு. வருஷம் முழுக்க எங்கெங்கோ சாப்பிடுகிறவர்கள்கூட முதல் நோன்பைத் தங்கள் வீட்டில்தான் திறப்பார்கள். நான் எதிர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கள் தோரணம், அந்த நீலக் கயிற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பிற்பகலில் என் அடுப்படியிலிருந்து வெங்காயம் கருகுகிற வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில், முந்தின நாளே வீட்டுக்குத் திரும்பியிருந்த ரவான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் புகையைத் துணியால் விசிறினாள். நோன்பு வாயோடு ருசி பார்க்க முடியாதே, உப்பு போட்டோமா இல்லையா என்று அப்பாவும் மகள்களும் சண்டை போடுவது தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கால் துடித்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரகப் பெரிய பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். சோறும் பருப்பும். சந்து முனையில் வழிப்போக்கர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நீள மேசை போட்டிருந்தார்கள். அங்கே போய்த் தன் கையாலேயே பரிமாறினார். சட்டை முழுக்க மஞ்சள் கறை. பிறகு திரும்பி வந்து தோரணத்துக்கு நேர் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். மேசையில் இருந்தவர்கள், காப்பிக் கடைக்காரர், இஸ்திரிக்காரர், எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார் ரகப். "இனிமே நக்லாவ வெச்சு நான் சத்தியம் பண்ணினேன்னா, என் மேல த..."

சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ரகப் சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்திருந்தார். அந்த வார்த்தை தன் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கையை எடுத்தார். சத்தியம் எதுவும் சேர்க்காமல் பேச அவருக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"இனிமே பண்ண மாட்டேன்," என்றார் கடைசியில். "அவ்ளோதான். பண்ண மாட்டேன்."

கல்யாணமானதிலிருந்து ரகப் எதன் மேலும் ஆணையிடாமல் எனக்குக் கொடுத்த முதல் வாக்கு அது. கேட்பதற்கு மெலிசாக இருந்தது. நம்பலாமா என்று எனக்கே தெரியவில்லை. நான் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். தோரணம் சரிந்து சந்துக்குள் இறங்கியது. ரகப் ஓடி வந்து, ஒரு வளையம்கூடத் தரையில் படாமல் கை நிறைய வாரிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பண்ற நீ?"

"பிளாஸ்டிக்க எடுக்கறேன். வேற கயிறு கொண்டாங்க."

அவர் அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தார். கீழிருந்து சாமான் இழுக்கிற கூடை அங்கே பருத்திக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தோரணத்தின் அந்த முனையையும் கூடைக் கயிற்றையும் அவிழ்த்துக் கொண்டுவரும்படி ரவானிடம் சொன்னார். அவரும் பிள்ளைகளும் படியிலேயே உட்கார்ந்து நீலக் கயிற்றை உருவிவிட்டு வளையங்களைப் பருத்திக்கு மாற்றிக் கட்டினார்கள். கிழிந்த இடங்களை நூரீன் பசை தடவி ஒட்டினாள். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். ரகப் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். கூடைக்குக் கயிறு இல்லாததால் அந்த ரமலான் முழுக்க ரொட்டியையும் தயிரையும் அவரேதான் மாடி ஏறிச் சுமந்து வந்தார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று அவர் மேலே போய் உருளைக்கிழங்கைக் கட்டி வீசினார், நான் பிடித்துக் கம்பியில் முடிச்சுப் போட்டேன். தோரணம் கொஞ்சம் தொய்வாகத்தான் நின்றது. பருத்தி, நைலானைப் போல விறைப்பாக இருக்காது. எதிர் ஜன்னலிலிருந்து அவர் மெதுவாகக் கேட்டார்:

"இறுக்கமா இருக்கா நக்லா?"

நான் முதலில் கயிற்றைப் பார்த்தேன். அப்புறம் அவர் வாயைப் பார்த்தேன்.

"இப்போதைக்கு இருக்கு," என்றேன்.